கணக்குக் காட்டாத கொடை: காங்கோ அறக்கொடை மோசடியும் அதனை வாசித்த பனுவல்களும்

ஆய்வுச் சுருக்கம்

பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்ட் 1876 முதல் 1908 வரை காங்கோ ஆற்றுப் பகுதியில் நடத்திய ஆட்சியை, காலனியச் சுரண்டல் என்ற நிலையில் ஆய்வாளர் பலர் விரிவாக எழுதியுள்ளனர். அந்த ஆட்சி அறக்கொடை நிறுவனம் என்னும் வடிவில் தொடங்கி, அதே வடிவின் துணையால் இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டு வரை நிலைத்தது என்பதை இக்கட்டுரை முதன்மைப்படுத்துகிறது. ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸின் திறந்த மடல், ஜோசப் கான்ராடின் ‘இருளின் இதயம்’, ரோஜர் கேஸ்மென்டின் அறிக்கை, மார்க் ட்வைனின் ‘லியோபோல்ட் மன்னரின் தனிமொழி’ ஆகிய நான்கு பனுவல்களும் அறக்கொடையின் மொழியை எவ்வாறு எதிர்கொள்கின்றன என்பது இங்கு ஒப்பிட்டு ஆராயப்படுகிறது. கொடையைப் பெற்றோராகச் சொல்லப்பட்டவரின் சாட்சியத்துக்கு ஒரு பனுவல் தரும் இடமே அதன் திறனாய்வு ஆற்றலை அளக்கும் அளவுகோல் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச் சொற்கள்: அறக்கொடை மோசடி, காங்கோ, மார்க் ட்வைன், கான்ராட், கேஸ்மென்ட், சாட்சியம்

முன்னுரை

1876 செப்டம்பரில் லியோபோல்ட் தம் பிரஸ்ஸல்ஸ் அரண்மனையில் புவியியலாளர், பயணியர், அறப்பணியாளர் ஆகியோரைக் கூட்டி ஒரு மாநாடு நடத்தினார். ஆப்பிரிக்காவில் அடிமை வணிகத்தை ஒழிப்பதும், பயணியர்க்கும் உள்நாட்டு மக்களுக்கும் உதவும் தங்குமிடங்களை அமைப்பதும் நோக்கங்களாக அறிவிக்கப்பட்டன. பன்னாட்டு ஆப்பிரிக்கச் சங்கம் அம்மாநாட்டில் பிறந்தது. மன்னரே அதன் தலைவரானார். 32 ஆண்டுகளுக்குப் பின், 1908 நவம்பரில், காங்கோ பெல்ஜிய அரசின் உடைமையாக மாறியது. இடைப்பட்ட காலத்தில் ரப்பருக்காகக் கட்டாய உழைப்பும், பிணைக்கைதி முறையும், கொலையும், கையறுப்பும் அங்கு நடந்தன. லியோபோல்ட் ஒருமுறையேனும் காங்கோவில் கால் வைத்ததில்லை.

இந்நிகழ்வை ‘அறக்கொடை மோசடி’ என்று வகைப்படுத்துவது குற்றத்தின் அளவைக் குறைத்துவிடும் என்னும் மறுப்பு எழக்கூடும். பெருந்திரளான மக்களின் அழிவை, பொய்யான நன்கொடைச் சீட்டு அச்சிட்டவரின் குற்றத்தோடு ஒருவரிசையில் வைக்க இயலாது என்பது உண்மையே. ஆயினும் கொடுமையும் மோசடியும் வேறுவேறு வினாக்களுக்கு விடை தருகின்றன. காங்கோவில் என்ன நடந்தது என்பதைக் கொடுமையின் வரலாறு சொல்கிறது. படைவலிமையும் குடியேற்ற மரபும் அற்ற ஒரு சிறிய நாட்டின் மன்னருக்கு அந்நிலம் எவ்வாறு கிடைத்தது, குற்றச்சாட்டுகள் குவிந்த பின்னும் ஏறத்தாழ இருபதாண்டுகள் அது அவர் கையில் எவ்வாறு நிலைத்தது என்பவற்றை மோசடியின் வரலாறே விளக்குகிறது. ஆதலின் இவ்வகைப்பாடு குற்றத்தின் கருவியைக் குறிப்பது. குற்றத்தின் அளவைக் குறிப்பதன்று.

பெயரும் கொடியும்

மோசடியின் முதற் கருவி பெயர். 1878-இல் வணிகரும் வங்கியாளரும் பங்குகொண்ட மேல் காங்கோ ஆய்வுக் குழு ஒன்று உருவாயிற்று. அடுத்த ஆண்டில் அதன் இடத்தில் பன்னாட்டுக் காங்கோ சங்கம் தோன்றியது. முதற் சங்கம் பல நாட்டு அறப்பணியாளர் கூடிய அமைப்பு. பின்னது மன்னரின் முழுக் கட்டுப்பாட்டில் இருந்தது. இரண்டும் வேறு என்பது வெளியே புலப்படாதவாறு பார்த்துக்கொள்ளும்படி லியோபோல்ட் தம் உதவியாளருக்கு அறிவுறுத்தினார். நீல நிறத்தில் பொன் விண்மீன் பொறித்த ஒரே கொடி இரண்டுக்கும் பயன்பட்டது.

இக்குழப்பத்தின் பயன் 1884 ஏப்ரலில் வெளிப்பட்டது. அமெரிக்க அரசு, காங்கோ சங்கத்தின் மனிதநேயமும் ஈகையும் பொருந்திய நோக்கங்களைப் பாராட்டி, ஆப்பிரிக்கச் சங்கத்தின் கொடியை நட்பு அரசொன்றின் கொடியாக ஏற்குமாறு தன் அலுவலர்க்கு ஆணையிட்டது. ஒரே அறிவிப்பில் இரு பெயர்களும் கலந்துவிட்டன. 1885-இல் பெர்லின் மாநாடு நிறைவுற்றபோது ஐரோப்பிய அரசுகளும் இசைவு தந்திருந்தன. உள்நாட்டு மக்களின் நலத்தைப் பேணுதலும் அடிமை வணிக ஒழிப்பும் அம்மாநாட்டு உடன்படிக்கையிலேயே கடமைகளாக எழுதப்பட்டன. 1889–90-இல் அடிமை ஒழிப்புக்கென்றே பிரஸ்ஸல்ஸில் கூடிய மாநாடு, அப்பணியின் செலவுக்காக இறக்குமதி வரி விதிக்கும் உரிமையை மன்னருக்கு அளித்தது. இறந்தபின் காங்கோவைப் பெல்ஜியத்துக்கு விட்டுச்செல்வதாக உயில் எழுதிய மன்னருக்கு, 1890-இல் பெல்ஜிய அரசு 25 மில்லியன் பிராங்கு வட்டியில்லாக் கடனும் தந்தது. பொதுமக்களிடம் உண்டியல் குலுக்குவோர் சிறுதொகை திரட்டுவர். லியோபோல்ட் திரட்டிய கொடையில் அரசுகளின் ஏற்பு, வரியுரிமை, கடன் ஆகிய மூன்றும் அடங்கின.

இந்த ஆவணங்களின் மொழி கருதத்தக்கது. நாகரிகம், முன்னேற்றம், மனிதநேயம் முதலிய பொதுச் சொற்கள் அவற்றில் நிறைந்துள்ளன. எந்த ஊரில், எவருக்கு, எத்தனை பள்ளி, எவ்வளவு செலவில் என்பன இல்லை. நொந்தா விளக்கு ஒன்றுக்குத் தரப்பட்ட ஆடுகளின் எண்ணிக்கையையும், நிலக்கொடையின் நான்கெல்லையையும், அதனைக் காக்கும் பொறுப்பினரையும் குறிக்கும் கொடைக் கல்வெட்டுகளைப் படித்துப் பழகிய தமிழாய்வாளருக்கு இவ்வேறுபாடு உடனே புலனாகும். அளவு குறிக்கப்பட்ட கொடையில் குறைவு நேர்ந்தால் கண்டுபிடிக்கலாம். அளவே குறிக்காத கொடையில் குறைவு என்ற ஒன்றைச் சுட்டவே வழியில்லை.

மருத்துவமனையைத் தேடியவர்

இம்மொழியை முதலில் உடைத்தவர் ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ். அமெரிக்கக் கறுப்பினத்தவரான அவர் உள்நாட்டுப் போரில் பங்குகொண்ட படைவீரர். தம் இனத்தின் வரலாற்றை எழுதியவர். லியோபோல்டின் திட்டத்தில் முதலில் நம்பிக்கை வைத்திருந்தவர். 1890-இல் காங்கோவுக்குச் சென்ற அவர், அவ்வாண்டு ஜூலையில் ஸ்டான்லி அருவிப் பகுதியிலிருந்து மன்னருக்குத் திறந்த மடலொன்று எழுதினார்.

அம்மடலின் சிறப்பு அதன் முறையில் உள்ளது. மன்னரின் அறிவிப்புகளில் வரும் ஒவ்வொரு சொல்லையும் நிலத்தில் தேடிப் பார்க்கும் முறை அது. பேணிக் காத்தல் என்றால் மருத்துவமனை எங்கே என்று வினவி, அரசுப் பணியிலிருந்த ஆப்பிரிக்க நோயாளிகளுக்கு இருந்தவை குதிரை கட்டவும் தகுதியற்ற சில கொட்டில்களே என்று பதிவு செய்கிறார். ஒப்பந்தத்தின் பேரில் நிலம் பெறப்பட்டது என்றால், தலைவர்களை ஏமாற்ற அங்கியினுள் மின்கலம் மறைத்துக் கைகுலுக்கியது முதலிய தந்திரங்களைப் பட்டியலிடுகிறார். அடிமை ஒழிப்பு என்றால், அரசே அடிமைகளை வாங்குவதைச் சுட்டுகிறார். உயர்ந்த சொல் ஒன்று, அதற்கு நேரே கண்ட பொருள் ஒன்று என மடல் நடக்கிறது. வடிவ நோக்கில் இது தணிக்கை அறிக்கை. அதற்கான தகவலை அவர் காங்கோ மக்களிடமே கேட்டுத் திரட்டினார் என்பது இங்கு முதன்மையானது. 1891-இல் வில்லியம்ஸ் மறைந்தார். மடலும் விரைவில் மறக்கப்பட்டது.

கிழிக்கப்பட்ட பின்குறிப்பு

வில்லியம்ஸ் மடல் எழுதிய அதே 1890-இல் கப்பல் பணிக்காகக் காங்கோவில் இருந்தவர் ஜோசப் கான்ராட். அவருடைய ‘இருளின் இதயம்’ 1899-இல் இதழில் தொடராகவும் 1902-இல் நூலிலும் வெளிவந்தது. 1975-இல் சினுவா அச்சிபி ஆற்றிய உரைக்குப் பின், இக்குறுநாவல் பற்றிய விவாதத்தில் இனவெறி பற்றிய வினா நீங்காத இடம் பெற்றது. அறக்கொடை மொழியைப் பற்றிய படைப்பு என்ற நோக்கில் இதனை வாசிக்கும்போது அவ்வினா வேறொரு வகையில் கூர்மை பெறுகிறது.

கதையில் குர்ட்ஸ் தந்தம் சேர்க்கும் முகவர் மட்டுமல்லர். காட்டு வழக்கங்களை ஒடுக்குவதற்கான பன்னாட்டுச் சங்கம் ஒன்றுக்கு அறிக்கை எழுதித் தருபவரும் ஆவார். சங்கத்தின் பெயரே லியோபோல்டின் சங்கங்களை நினைவூட்டுகிறது. பதினேழு பக்க அறிக்கை ஈகையுணர்வால் பொங்குகிறது. செய்ய வேண்டியது யாதென்ற குறிப்பு ஒன்றும் அதில் இல்லை. இறுதிப் பக்கத்தின் அடியில் பின்னாளில் கிறுக்கப்பட்ட ஒரு வரி மட்டும், அம்மக்களை அழித்தொழிக்கச் சொல்கிறது. செயல்முறை சார்ந்த ஒரே வரி அதுவே. பொதுச் சொற்களால் ஆன அறக்கொடை அறிக்கையின் வெறுமையை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய புனைவு அரிது.

ஆனால் அப்பின்குறிப்புக்கு நேர்வதையும் கவனிக்க வேண்டும். ஐரோப்பா திரும்பிய மார்லோ, நிறுவனத்தின் ஆள் ஆவணங்களைக் கேட்டு வரும்போது பின்குறிப்பைக் கிழித்துவிட்டு அறிக்கையைக் காட்டுகிறான். பின்னர் அதனை வெளியிடும் பொருட்டு ஓர் இதழாளரிடம் ஒப்படைக்கிறான். கதையின் வாசகர் உண்மையை அறிவர். கதையுலகின் பொதுமக்களுக்கு ஈகைப் பேச்சு மட்டுமே சென்றுசேரும். குர்ட்ஸை மணக்கவிருந்த பெண்ணிடம் மார்லோ சொல்லும் பொய்யை விரிவாக ஆராயும் திறனாய்வு, இந்தக் கிழித்தலுக்கும் அதே எடையைத் தர வேண்டும். முன்னது ஒரு பெண்ணின் துயரத்துக்கு இரங்கிய பொய் எனலாம். பின்னது பொது ஆவணத்தைத் திருத்துதல். மோசடியை அறிந்தவனே அதன் காவலனாக மாறுவதைக் கான்ராட் துல்லியமாகக் காட்டியுள்ளார். எனினும் அக்காவலை உடைக்கக்கூடிய ஒரே தரப்பினரான காங்கோ மக்கள் கதையில் ஏறத்தாழப் பேச்சற்றவர்களாகவே உள்ளனர். அச்சிபியின் குற்றச்சாட்டு இவ்விடத்தில் வலுப்பெறுகிறது: எவர் பெயரால் கொடை திரட்டப்பட்டதோ அவரைக் கேளாமலே மோசடியின் கதை சொல்லி முடிக்கப்படுகிறது.

சரக்குக் கணக்கும் வாக்குமூலமும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோசடியை வெளிப்படுத்தியவை இரண்டு வகைப் பதிவுகள். முதலாவது, எட்மண்ட் மோரெல் கண்ட கப்பல் கணக்கு. லிவர்பூல் கப்பல் நிறுவனமொன்றின் ஊழியராக ஆண்ட்வெர்ப் துறைமுகத்துக்குச் சென்றுவந்த அவர், காங்கோவிலிருந்து ரப்பரும் தந்தமும் நிறைந்து வருவதையும், திரும்பும் கப்பல்களில் துப்பாக்கியும் வெடிமருந்தும் போவதையும், ரப்பருக்கு ஈடாகத் தரப்படும் வணிகப் பொருள் மிகக் குறைவாக இருப்பதையும் கண்டார். விலை தராமல் பெறப்படும் பொருளுக்குப் பின்னே கட்டாய உழைப்பு இருந்தாக வேண்டும் என்று முடிவு செய்தார். காங்கோவைப் பாராமலே, இரு பக்கக் கணக்கை ஒப்பிட்டுச் செய்த முடிவு அது. 1901-இல் வேலையை விட்ட அவர், 1904-இல் காங்கோ சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கினார்.

இரண்டாவது, பிரித்தானியத் தூதரக அலுவலர் ரோஜர் கேஸ்மென்டின் அறிக்கை. 1903-இல் ரப்பர்ப் பகுதிகளுக்குச் சென்ற அவர், ஊர் ஊராக மக்களின் வாக்குமூலங்களைப் பதிவு செய்தார். அவ்வறிக்கை 1904 பிப்ரவரியில் வெளியானபோது, சாட்சிகள், ஊர்கள், குற்றம் சாட்டப்பட்டோர் ஆகியோரின் பெயர்களை நீக்கி எழுத்துக் குறிகளை இட்டது பிரித்தானிய வெளியுறவுத் துறை. கேஸ்மென்ட் இதனைக் கடுமையாக எதிர்த்தார். அவர் எதிர்ப்பின் நியாயத்தை இலக்கிய நோக்கிலும் உணரலாம். பொதுச் சொற்களில் மறைந்திருந்த மோசடியைக் குறிப்பிட்ட பெயர்களால் உடைக்க முயன்ற ஓர் அறிக்கை, பெயர்களை இழந்ததால் மீண்டும் பொதுமையை நோக்கித் தள்ளப்பட்டது. அப்படியிருந்தும், சொல்லப்பட்ட செய்திகளின் நுணுக்கம் அறிக்கைக்கு நம்பகத்தன்மையைத் தந்தது.

இவற்றுக்கு லியோபோல்ட் தந்த விடையும் அறக்கொடையின் வடிவிலேயே அமைந்தது. 1896-இல் உள்நாட்டு மக்கள் பாதுகாப்புக் குழு ஒன்றை அவர் நியமித்திருந்தார். உறுப்பினர் அறுவரும் சமயப் பணியாளர். ரப்பர்க் கொடுமைகள் மிகுந்த பகுதியில் ஒருவர்கூட வாழவில்லை. பயணச் செலவுக்குப் பணமும் தரப்படவில்லை. குழு கூடியது இரண்டே முறை. 1905 நவம்பரில், மன்னரே அமைக்க நேர்ந்த விசாரணை ஆணையத்தின் அறிக்கை வெளிவரும் தறுவாயில், மேற்கு ஆப்பிரிக்கச் சமயப் பணியாளர் சங்கம் என்ற பெயரில் அதன் ‘சுருக்கம்’ ஒன்று ஆங்கிலச் செய்தித்தாள்களுக்கு வந்தது. அதனை அவை நம்பி வெளியிட்டன. ஆணையத்தின் கண்டனங்களை நீர்க்கச் செய்த சுருக்கம் அது என்பதும், அப்படி ஒரு சங்கமே இல்லை என்பதும் பின்னரே தெரியவந்தன. 1876-இல் பெயரளவிலேனும் ஒரு சங்கம் இருந்தது. 1905-இல் பெயர் மட்டுமே போதுமானதாயிற்று.

மோசடியாளரே வாசகராதல்

மார்க் ட்வைனின் ‘லியோபோல்ட் மன்னரின் தனிமொழி’ அதே 1905-இல் பாஸ்டனில் சிறுநூலாக வந்தது. அதன் வருவாய் காங்கோ மக்களுக்கான பணிக்கென ஒதுக்கப்பட்டது. பரப்புரை நூல் என்று ஒதுக்கப்படும் இப்படைப்பின் வடிவம் கூர்ந்த வாசிப்புக்கு உரியது.

தனிமொழி என்பது நாடக மரபில் பாத்திரம் தன் நெஞ்சைத் திறக்கும் உத்தி. ட்வைனின் லியோபோல்ட் அதனைச் செய்வதில்லை. அவர் தமக்கெதிரான சிறுநூல்களைக் குவித்து வைத்து உரக்கப் படிக்கிறார். தாடியைக் கோதிச் சீறுகிறார். இடையிடையே சிலுவையை முத்தமிடுகிறார். தம் பக்தியையும் அறச்செயல்களையும் எவரும் சொல்வதில்லை என்று முறையிடுகிறார். அவர் படிப்பவை உண்மையான ஆவணங்கள்: கேஸ்மென்ட் அறிக்கையின் பகுதிகள், சமயப் பணியாளர் வில்லியம் ஷெப்பர்ட் அறுக்கப்பட்ட 81 கைகளை எண்ணிய பதிவு முதலியன. இவ்வாறு, மோசடியாளரின் குரலே குற்றப்பத்திரிகையை வாசிக்கும் குரலாகிறது. படித்ததை அவர் மறுப்பதில்லை. வெளியே தெரிந்ததற்கே வருந்துகிறார். கான்ராடின் கதையில் கிழிக்கப்பட்ட பின்குறிப்பு இங்கே முழுப் பனுவலாக விரிகிறது எனலாம். ஈகைப் பேச்சு ஓரக்குறிப்பாகச் சுருங்குகிறது.

நிழற்படத்துக்கு இந்நூல் தரும் இடமும் குறிப்பிடத்தக்கது. கையிழந்த மக்களின் படங்கள் நூலிலேயே அச்சிடப்பட்டன. எழுத்தாளரையும் இதழ்களையும் விலைக்கு வாங்க முடிந்த தம்மால், சிறிய படப்பெட்டியை மட்டும் வாங்க முடியவில்லை என்று மன்னர் புலம்புகிறார். சொல்லால் கட்டப்பட்ட மோசடிக்குச் சொல்லற்ற சாட்சியை ட்வைன் எதிர்நிறுத்துகிறார்.

இரண்டு வரம்புகளையும் சுட்ட வேண்டும். ஒன்று, மன்னரின் இழிகுணத்தின் மேல் ஒளியைக் குவிப்பதால், பங்குரிமை பெற்ற ரப்பர் நிறுவனங்களும் உரிமை தந்த அரசுகளும் பின்னணிக்குச் செல்கின்றன. எனினும் தம் கொடியை முதலில் வணங்கிய நாடு அமெரிக்கா என்று மன்னரை ஏளனமாகப் பேசவைத்ததன் மூலம், ட்வைன் தம் நாட்டையும் குற்றத்தில் சேர்த்துவிடுகிறார். கொடுமையைப் படிக்கும் மக்கள் நடுங்கி முகத்தைத் திருப்பிக்கொள்வர், அதுவே தமக்குக் காவல் என்று மன்னர் நூலின் இறுதியில் தேறும்போது, குற்றத்தின் வளையம் வாசகர் வரை நீள்கிறது. மற்றொன்று இதனினும் வலியது. காங்கோ மக்களின் சொற்கள் பணியாளரின் பதிவில் நுழைந்து, அங்கிருந்து மன்னரின் வாய்க்கு வந்தே நம்மை அடைகின்றன. படங்களில் அவர்கள் காணப்படுகின்றனர். தம் குரலில் பேசுவதில்லை. கான்ராடைக் காட்டிலும் ட்வைன் ஓர் அடி முன்னேறியுள்ளார் என்பதும், அந்த அடி முழுமையானதன்று என்பதும் ஒருங்கே உண்மை.

முடிவுரை

நான்கு பனுவல்களையும் ஒருசேர நோக்கும்போது சில முடிவுகள் பெறப்படுகின்றன. அறக்கொடை மோசடி, பொய்த் தகவலைவிடச் சரிபார்க்க இயலாத பொதுச் சொல்லையே பெரிதும் நம்பியிருந்தது. அதனை வில்லியம்ஸும் கேஸ்மென்டும் குறிப்பான செய்திகளாலும் வாக்குமூலங்களாலும் எதிர்கொண்டனர். கான்ராட் அம்மொழியின் வெறுமையையும், அறிந்தோரின் உடந்தையையும் காட்டினார். ட்வைன் ஆவணங்களையே நாடகமாக்கினார். புனைவின் நயத்தால் கான்ராடின் படைப்பு முதலிடம் பெறலாம். மோசடியின் திறனாய்வு என்ற நிலையில், கொடை பெற்றோராகச் சொல்லப்பட்டவரைக் கேட்டு எழுதிய வில்லியம்ஸின் மடலும் கேஸ்மென்டின் அறிக்கையும் அதனினும் உயர்ந்து நிற்கின்றன. இலக்கிய வகுப்பில் ‘இருளின் இதயம்’ பாடமாகும்போது இவ்விரண்டும் பின்னணிச் செய்தியாகச் சுருங்காமல், இணைப் பனுவல்களாக வாசிக்கப்படுதல் வேண்டும்.

1908-இல் காங்கோவைப் பெல்ஜியத்திடம் ஒப்படைக்கும் முன், லியோபோல்டின் ஆணைப்படி அதன் ஆவணங்கள் பிரஸ்ஸல்ஸ் உலைகளில் எட்டு நாட்கள் எரிக்கப்பட்டன. ஒப்படைப்பின் விதிகளின்படி பெல்ஜிய அரசு 110 மில்லியன் பிராங்கு கடனை ஏற்றுக்கொண்டது. காங்கோவுக்காக மன்னர் செய்த பெருந்தியாகங்களுக்கு நன்றியாக அவருக்கு மேலும் 50 மில்லியன் பிராங்கு வழங்கவும் இசைந்தது. அத்தொகை காங்கோவிலிருந்தே திரட்டப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. கணக்கு எரிந்தபின்னும் நன்றி எழுத்தில் நின்றது. அந்நன்றிக்கான விலையைக் கொடுத்தவர்கள், கொடை பெற்றவர்கள் என்று 32 ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவந்த மக்களே.